இரண்டு நெடுவரிசைகளை நிறம் போட்டு ஒப்பிடுவது எப்படி? கொள்முதல் பதிவேட்டையும் 2பியையும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி, அதாவது சப்ளையர்கள் நம் பெயரில் போட்ட பில்களின் பட்டியல், வந்துவிடும். மாதாமாதம் 3பி என்ற வரிக்கணக்கைத் தாக்கல் செய்பவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள். நடுவில் கிடைக்கிற ஆறு நாளில், கடையில் நாம் எழுதிவைத்த கொள்முதல் பதிவேட்டையும், சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்துத் தளம் காட்டுகிற 2பியையும் பில் பில்லாக ஒப்பிட்டு முடிக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் 2பியில் வராத பில்லுக்கு இன்புட் (கொள்முதலில் கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அதனால் இந்த ஒப்பீட்டைத் தள்ளிப்போட வழியில்லை.

ஈரோட்டில் நூலும் ஜவுளியும் வாங்கி விற்கும் சில கடைகளுக்கு நான் கணக்கு பார்க்கிறேன். ஒரு கடைக்கு மாதம் நூற்றைம்பதிலிருந்து இருநூறு பில் வரை வரும். இரண்டு பட்டியலையும் பிரின்ட் எடுத்து, ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்தி பென்சிலால் டிக் அடித்த காலம் உண்டு. இப்போது எக்செலில் உள்ள கண்டிஷனல் ஃபார்மேட்டிங் அந்த வேலையைச் செய்கிறது. பொருந்தாத பில் சிவப்பாகத் தெரியும், பொருந்தியது பச்சையாகத் தெரியும். ஆனால் அதைச் சரியாக அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். தப்பாக அமைத்த நிறம் பென்சில் டிக்கைவிட ஆபத்தானது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

ஒரு குறிப்பு. ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஏ என்றால் முதல் நெடுவரிசை, பி இரண்டாவது, சி மூன்றாவது, இப்படியே டி, ஈ, எஃப், ஜி, ஹெச், ஐ, ஜே, கே, எல் வரை. கவுன்ட்இஃப், சம்இஃப் போன்ற பெயர்களையும் இந்த எழுத்துகளையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தால், ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் சமக்குறி போட்டு முதல் இரண்டு மூன்று எழுத்து அடியுங்கள். எக்செலே பெயர்ப் பட்டியலைக் காட்டும்.

முதலில் கேள்வி எது என்று முடிவு செய்யுங்கள்

"இரண்டு நெடுவரிசையை ஒப்பிட வேண்டும்" என்று சொல்லும்போது அதற்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. பலரும் இதைப் பிரித்துப் பார்க்காமல் ஆரம்பித்து, நடுவில் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் வேலை, ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு மதிப்பும் ஒன்றா என்று பார்ப்பது. ஒரே சரக்கின் இரண்டு இருப்பு, ஒரே மாணவரின் இரண்டு மதிப்பெண் போல. இரண்டாவது, இந்தப் பட்டியலில் உள்ளது அந்தப் பட்டியலில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது. இதில் வரிசை எண் பொருந்தவே பொருந்தாது. பதிவேட்டில் 12-ஆவதாக உள்ள பில் 2பியில் 140-ஆவதாக இருக்கும். மூன்றாவது, இருக்கிறது, ஆனால் தொகை ஒத்துப்போகிறதா என்பது. 2பி ஒப்பீட்டுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து வேண்டும். இருந்தாலும் முதல் வேலையில் பழகிவிட்டு அங்கே போவது நல்லது. டாலர் குறியின் சங்கதி அங்கேதான் புரியும்.

பக்கத்துப் பக்கத்தில் ஒப்பிடுவது

மார்ச் 31 சரக்கு இருப்பை எடுத்துக்கொள்வோம். ஏ நெடுவரிசையில் நூல் வகை, பி-யில் கணக்குப் புத்தகப்படி இருக்க வேண்டிய மூட்டை, சி-யில் குடோனில் எண்ணிப் பார்த்த மூட்டை. தலைப்பு முதல் வரிசையில், சரக்கு 2 முதல் 90 வரை.

1. ஏ2 கட்டத்தில் கிளிக் செய்து, சி90 வரை இழுத்துத் தேர்ந்தெடுங்கள். மேலிருந்து கீழாக இழுப்பது முக்கியம். காரணத்தை உடனே சொல்கிறேன்.
2. ஹோம் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதில் நியூ ரூல்.
3. வரும் பட்டியலில் கடைசியாக இருக்கும், ஃபார்முலா வைத்து முடிவு செய்யும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.
4. பெட்டியில் இதை அடியுங்கள்: =$பி2<>$சி2
5. ஃபார்மேட் பொத்தானை அழுத்தி, ஃபில் பகுதியில் ஒரு வெளிர் நிறம் எடுத்து ஓகே கொடுங்கள்.

இருப்பு ஒத்துப்போகாத சரக்கின் வரிசை முழுவதும் நிறம் மாறும்.

இப்போது அந்த டாலர் குறி. நாம் ஒரே ஒரு ஃபார்முலாதான் எழுதினோம். எக்செல் அதை 267 கட்டத்துக்கும் தனித்தனியாகப் படிக்கிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஃபார்முலாவில் உள்ள முகவரியும் கூடவே நகரும், டாலர் போட்ட பகுதியைத் தவிர. $பி2 என்றால் நெடுவரிசை பி-யை விட்டு நகராதே, வரிசை மட்டும் மாறலாம் என்று அர்த்தம். அதனால்தான் ஏ15 கட்டம் தன்னைப் பற்றி யோசிக்காமல் பி15-ஐயும் சி15-ஐயும் பார்த்து நிறம் மாறுகிறது. எழுத்துக்கு முன் டாலர் இல்லாமல் =பி2<>சி2 என்று எழுதியிருந்தால், பி15 கட்டம் சி15-ஐயும் டி15-ஐயும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஃபார்முலா பெட்டியில் இருந்தபடியே மவுஸால் ஒரு கட்டத்தைக் கிளிக் செய்தால் எக்செல் $பி$2 என்று இரண்டு பக்கமும் டாலர் போட்டுவிடும். அப்படியே விட்டால் எல்லா வரிசையும் இரண்டாவது வரிசையை மட்டுமே பார்க்கும்: ஒன்று எல்லாமே நிறம் மாறும், அல்லது எதுவுமே மாறாது. எஃப்4 விசையை அழுத்தி அழுத்தி, எண்ணுக்கு முன்னால் உள்ள டாலரை எடுத்துவிடுங்கள். இன்னொன்று: அந்தப் பெட்டிக்குள் இடது வலது அம்புக்குறியை அழுத்தினால் கர்சர் நகராமல் ஏதோ ஒரு கட்டத்தின் முகவரி வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் எஃப்2 விசையைத் தட்டிவிட்டு அம்புக்குறியைப் பயன்படுத்துங்கள், தொல்லை இருக்காது.

மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். நாம் எழுதும் ஃபார்முலா, தேர்வில் வெள்ளையாகத் தெரிகிற அந்த ஒற்றைக் கட்டத்துக்கு உரியது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து மேலே இழுத்தால் அந்தக் கட்டம் 90-ஆவது வரிசையில் இருக்கும். ஃபார்முலாவோ 2-ஆவது வரிசையைச் சொல்லும். ஒப்பீடு மொத்தமும் இடம் மாறிப்போகும். நெடுவரிசையின் தலையெழுத்தைக் கிளிக் செய்து முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டு வரிசை 2-க்கு ஃபார்முலா எழுதினால் எல்லாமே ஒரு வரிசை தள்ளி நிற்கும். சரியான சரக்கு சிவப்பாகவும் தப்பான சரக்கு வெள்ளையாகவும் தெரியும். பார்வைக்கு எதுவும் பிசகியதாகத் தோன்றாது.

குறைவுக்கு ஒரு நிறம், அதிகத்துக்கு ஒரு நிறம் வேண்டுமென்றால் இரண்டு விதி எழுதுங்கள். குறைவுக்கு: =ஆண்ட்($சி2<>"",$சி2<$பி2). அதிகத்துக்கு: =$சி2>$பி2. குறைவில் அந்தக் கூடுதல் நிபந்தனை ஏன்? இன்னும் எண்ணாத சரக்கின் கட்டம் காலியாக இருக்கும். எக்செல் அதைப் பூஜ்ஜியமாக நினைத்துக் குறைவு என்று காட்டும். எண்ணாததும் இல்லாததும் ஒன்றல்லவே. அதிகத்தில் வேறு ஒரு பொறி இருக்கிறது. எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டால் எக்செலுக்கு எழுத்துதான் எப்போதும் பெரியது. 12 என்பது எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருந்தால், புத்தகத்தில் 500 மூட்டை இருந்தாலும் சரக்கு அதிகம் என்று நிறம் போடும். கட்டத்தின் இடது மேல் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம், எண் இடப்பக்கம் ஒட்டி நிற்பது, இரண்டும் அதற்கு அடையாளம்.

பட்டியலுக்குள் தேடுவது

சரி, இனி 2பி. ஒரு புதிய ஷீட்டில் இடப்பக்கம் பதிவேடு: ஏ-யில் சப்ளையரின் ஜிஎஸ்டி எண், பி-யில் பில் எண், சி-யில் தேதி, டி-யில் மொத்த வரி. ஈ-யைக் காலியாக விடுங்கள். வலப்பக்கம் 2பி, அதே ஒழுங்கில் எஃப், ஜி, ஹெச், ஐ. தளத்திலிருந்து இறக்கிய கோப்பில் தலைப்பு வரிசைகள் ஒன்றோடொன்று இணைத்து வந்திருக்கும். அதன்மேல் நேரடியாக வேலை செய்யாதீர்கள். தேவையான நெடுவரிசைகளை மட்டும் நகலெடுத்து, மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். கிரெடிட் நோட்டுகள் தனி ஷீட்டில் வரும், அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எளிய வழி என்று பலரும் சொல்வது ஒன்று உண்டு. இரண்டு நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்து, ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ் என்பதன் கீழ் டூப்ளிகேட் வேல்யூஸ் கொடுத்தால் இரண்டிலும் உள்ளவை நிறம் மாறும் என்பார்கள். அவசரத்துக்கு ஒரு பார்வை பார்க்கச் சரி, ஆனால் வரி விஷயத்தில் இதை நம்ப வேண்டாம். அது இரண்டு பட்டியலையும் ஒரே குவியலாகப் பார்க்கிறது. பதிவேட்டில் ஒரே பில்லைத் தவறுதலாக இரண்டு தடவை ஏற்றியிருந்தால், 2பியில் அது இல்லாவிட்டாலும் நிறம் விழும். நாமும் பொருந்திவிட்டது என்று நினைப்போம்.

ஆகவே ஃபார்முலாதான். அடிப்படை வடிவம் இது: =கவுன்ட்இஃப்($ஜி$2:$ஜி$1000,$பி2)=0. இந்த பில் எண் 2பி பட்டியலில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு, பூஜ்ஜியம் என்றால் நிறம் போடு. தேட வேண்டிய பட்டியல் நகரக் கூடாது, அதனால் அதற்கு நாலு டாலர். தேடப்படும் கட்டம் வரிசைக்கு வரிசை மாற வேண்டும், அதனால் அதற்கு ஒரு டாலர். பட்டியலை 1000 வரை கொடுப்பதால் அடுத்த மாதம் பில் கூடினாலும் விட்டுப்போகாது.

இதை அப்படியே 2பிக்குப் போட்டால் போதாது. காரணங்கள் பில் எண்ணிலேயே இருக்கின்றன. 101 என்ற எண் ஒரே மாதத்தில் மூன்று சப்ளையரிடம் இருக்கலாம். சப்ளையர் டிடி/045/24-25 என்று தாக்கல் செய்திருப்பார், நம் கடைப் பையன் டிடி-045-24-25 என்று ஏற்றியிருப்பான். 12/24 என்ற பில் எண்ணை அடித்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும், நெடுவரிசையை முன்கூட்டியே டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிவைக்காவிட்டால். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்து வரை இருக்கலாம். ஆனால் எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். முழுக்க இலக்கமாக உள்ள 16 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறாக இருந்தால், டெக்ஸ்டாக வைத்திருந்தாலும்கூட கவுன்ட்இஃப் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து, சாவி நெடுவரிசை. ஜிஎஸ்டி எண்ணையும், குறியீடுகள் நீக்கிய பில் எண்ணையும் ஒட்டி ஒரு சாவி செய்வது. பதிவேட்டுக்கான சாவி ஜே2-இல்:

=ட்ரிம்($ஏ2)&"|"&சப்ஸ்டிட்யூட்(சப்ஸ்டிட்யூட்(சப்ஸ்டிட்யூட்($பி2,"-",""),"/","")," ","")

2பிக்கான சாவி கே2-இல், ஏ இருந்த இடத்தில் எஃப், பி இருந்த இடத்தில் ஜி போட்டு அதே ஃபார்முலா. இரண்டையும் அந்தந்தப் பட்டியலின் கடைசி வரிசை வரை இழுத்துவிடுங்கள். சாவியின் தலையில் எழுத்து கலந்த ஜிஎஸ்டி எண் இருப்பதால் எக்செலால் அதை வெறும் எண்ணாக நினைக்க முடியாது; 15 இலக்கத் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குறியீட்டை நீக்கும்போது 1/12, 11/2 இரண்டுமே 112 ஆகிவிடும். ஒரே சப்ளையரிடம் இப்படி நடப்பது அரிது, ஆனாலும் நடக்கலாம். அதைப் பிடிக்கத்தான் தொகையையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

ஜிஎஸ்டி எண்ணையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். அது சரியாக 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் பான் எண். ஏ நெடுவரிசைக்கு =லென்($ஏ2)<>15 என்று ஒரு விதி போட்டால், எழுத்து விட்டுப்போனதும் கடைசியில் இடைவெளி ஒட்டிக்கொண்டதும் உடனே தெரியும்.

நாலு நிறம்

ஏ2 முதல் டி நெடுவரிசையில் பதிவேட்டின் கடைசி வரிசை வரை தேர்ந்தெடுத்து நாலு விதி எழுதுகிறேன்.

சிவப்பு, 2பியில் இல்லவே இல்லை:
=கவுன்ட்இஃப்($கே$2:$கே$1000,$ஜே2)=0

ஆரஞ்சு, பதிவேட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ஏறியிருக்கிறது:
=கவுன்ட்இஃப்($ஜே$2:$ஜே$1000,$ஜே2)>1

மஞ்சள், இருக்கிறது, தொகை ஒத்துப்போகவில்லை:
=ஏபிஎஸ்($டி2-சம்இஃப்($கே$2:$கே$1000,$ஜே2,$ஐ$2:$ஐ$1000))>1

பச்சை, ஒரே ஒரு தடவை இருக்கிறது, தொகையும் சரி:
=ஆண்ட்(கவுன்ட்இஃப்($கே$2:$கே$1000,$ஜே2)=1,ஏபிஎஸ்($டி2-சம்இஃப்($கே$2:$கே$1000,$ஜே2,$ஐ$2:$ஐ$1000))<=1)

சம்இஃப், 2பியில் அதே சாவி உள்ள வரிசைகளின் தொகையைக் கூட்டித் தரும். ஏபிஎஸ், வித்தியாசத்தின் கழித்தல் குறியை நீக்கிவிடும். மஞ்சளில் ஏன் ஒரு ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம் என்பதற்கு ஒரு பில்லைப் பார்ப்போம். பருத்தி நூல், மதிப்பு 48,350 ரூபாய், வரி 5 சதவீதம். மத்திய வரி 1,208.75, மாநில வரி 1,208.75, மொத்தம் 2,417.50. 2பியில் இப்படித்தான் வரும். கடையில் ஏற்றியவர் ஒவ்வொன்றையும் 1,209 என்று முழுமையாக்கியிருப்பார், மொத்தம் 2,418. ஐம்பது பைசா வித்தியாசத்துக்கு மஞ்சள் விழுந்தால், இருநூறு பில்லில் நூறு மஞ்சளாகிவிடும். நிஜமான தவறு அதற்குள் மறைந்துபோகும். ஒரு ரூபாய்க்கு மேல் போனால் மட்டும் நிறம் என்று வைத்தால் மிஞ்சுவது நிஜமானவை. அந்த மஞ்சள்களில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும்: 4,518-ஐ 4,581 என்று அடித்தால் வித்தியாசம் 63. பழைய கணக்கப்பிள்ளைகள் காட்டிக்கொடுத்த உத்தி, இன்றும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

விதிகளின் ஒழுங்கு முக்கியம். 2பியில் இல்லாத பில்லுக்கு சம்இஃப் பூஜ்ஜியம் தரும். அப்போது மஞ்சள் விதியும் உண்மையாகிவிடும். சிவப்பு மேலே இருந்தால்தான் சிவப்பாகத் தெரியும். மேனேஜ் ரூல்ஸ் பெட்டியில் மேலிருந்து கீழாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று அடுக்குங்கள். புதிதாக எழுதும் விதி எப்போதும் உச்சியில் போய் உட்காரும் என்பதால், பச்சையிலிருந்து ஆரம்பித்து எழுதினால் ஒழுங்கு தானாகவே அமையும்.

இப்போது நான் இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன். பச்சை எதற்கு? தவறு மட்டும் நிறமாகத் தெரிந்தால் போதாதா? போதாது. வெள்ளையாக இருக்கும் வரிசைக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது: பொருந்திவிட்டது, அல்லது விதி அங்கே வேலையே செய்யவில்லை. ஃபார்முலாவில் பிழை வந்தால் கட்டத்தில் பிழைக்குறி தெரியும். ஆனால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் பிழை வந்தால் எதுவும் தெரியாது, நிறம் விழாது, அவ்வளவுதான். தொகைக் கட்டத்தில் "2418 ரூ" என்று எழுத்து கலந்திருந்தால் கழித்தல் பிழையாகும், மஞ்சள் விழாது. விதியின் எல்லை பட்டியலுக்கு முன்பே முடிந்துவிட்டாலும் இதே கதிதான்.

எனக்கு நடந்தது இந்த இரண்டாவது. முந்தைய மாத ஷீட்டையே திறந்து, புதிய பட்டியலை ஒட்டி, சிவப்பு ஏதும் இல்லை என்று இன்புட் முழுவதையும் எடுத்துவிட்டேன். விதி 120-ஆவது வரிசையோடு நின்றிருந்தது. பட்டியல் 171 வரை போனது. கீழே ஐந்து பில் 2பியில் இல்லாதவை. அடுத்த மாதம் அந்த இன்புட்டைத் திருப்பிக் கொடுத்து, கடைக்காரரிடம் போய் விளக்கம் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்த அந்த நாள் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து பொருந்தியதற்கும் நிறம் போடுகிறேன். வெள்ளை என்றால் இன்னும் பார்க்கப்படவில்லை என்று அர்த்தம். வேலை முடிகிறபோது ஷீட்டில் ஒரு வெள்ளை வரிசைகூட இருக்கக் கூடாது.

விதி எழுதி முடித்ததும் சோதனையும் செய்யுங்கள். பச்சையாக உள்ள ஒரு பில்லின் எண்ணில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே மாற்றுங்கள், சிவப்பாக வேண்டும். தொகையில் நூறு கூட்டுங்கள், மஞ்சளாக வேண்டும். முதல் வரிசையில் ஒன்று, கடைசி வரிசையில் ஒன்று என்று பார்த்துவிட்டு, மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

வலப்பக்கத்தையும் பாருங்கள்

பாதிப் பேர் பதிவேட்டிலிருந்து 2பியைப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். திருப்பியும் பார்க்க வேண்டும். எஃப்2 முதல் ஐ நெடுவரிசையின் கடைசிவரை தேர்ந்தெடுத்து, நீல நிறத்துக்கு =கவுன்ட்இஃப்($ஜே$2:$ஜே$1000,$கே2)=0 என்றும், பொருந்தியதற்குப் பச்சையாக அதன் எதிரிடை, கடைசியில் >0, என்றும் எழுதுங்கள். நீலமாக வருபவை 2பியில் இருந்தும் நம் பதிவேட்டில் இல்லாத பில்கள். ஏற்ற மறந்ததாக இருக்கலாம். அப்படியானால் எடுக்க வேண்டிய இன்புட்டை விட்டிருக்கிறோம். சப்ளையர் வேறு யாருக்கோ போட்ட பில்லை நம் ஜிஎஸ்டி எண்ணில் ஏற்றியதாகவும் இருக்கலாம். அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிவப்பைப் பார்த்தவுடன் சப்ளையருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் உள்ள சிறிய வியாபாரிகள் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையில் இருக்கலாம். இடையில் உள்ள மாதங்களில் அவர்கள் தனியாக பில் ஏற்றாவிட்டால், காலாண்டு முடிந்துதான் நம் 2பியில் வரும். அந்த சப்ளையர்களைத் தனியாகக் குறித்துவைத்துக்கொண்டால் மாதாமாதம் அதே சிவப்பைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

சிவப்பை மட்டும் பிரித்தெடுக்க ஃபில்டர் போட்டு, ஃபில்டர் பை கலர் கொடுங்கள். திரையின் கீழ்ப்பட்டையில் மொத்தத்தில் எத்தனை வரிசை என்று எண்ணிக்கை வரும். அதே ஃபில்டரில் நோ ஃபில் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வெள்ளை வரிசை மட்டும் வரும். நான் முதலில் அழுத்துவது அதைத்தான். பிரின்ட் எடுத்து ஆடிட்டரிடம் கொடுப்பதாக இருந்தால் சிவப்புக்குத் தடித்த எழுத்தும் சேர்த்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைத் தாளில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களுக்கும் அது உதவும்.

கண்ணுக்கு ஒன்று, எக்செலுக்கு வேறு

பார்த்தால் ஒரே பில் எண், ஆனாலும் சிவப்பு. இதற்கு முக்கால்வாசி காரணம் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. இரண்டு கட்டத்துக்கும் =லென் போட்டு எழுத்து எண்ணிக்கையைப் பாருங்கள். ஒன்றில் 9, மற்றதில் 10 என்று வந்தால் அந்தப் பத்தாவதுதான் ஆள். சாதாரண இடைவெளியை நம் சாவி நீக்கிவிடும். இணையப் பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ நகலெடுத்தால் வேறு வகை இடைவெளி வரும். அதன் எண் 160. ட்ரிம் அதைத் தொடாது. சாவியில் பில் எண் இருக்கும் இடத்தில் சப்ஸ்டிட்யூட்($பி2,சார்(160),"") என்று போட்டால் போய்விடும். ஜிஎஸ்டி எண்ணிலும் ஒட்டியிருந்தால் ட்ரிம்முக்குள்ளும் அதையே செய்யுங்கள். இன்னொரு காரணம், பூஜ்ஜியத்தின் இடத்தில் ஓ எழுத்தை அடித்திருப்பது. அதற்கு ஃபார்முலா கிடையாது, எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைச் சமக்குறியும் கவுன்ட்இஃப்பும் கண்டுகொள்ளாது. பில் எண்ணுக்கு அதுவே நல்லது. அந்த வித்தியாசமும் முக்கியம் என்கிற வேலைக்கு எக்ஸாக்ட் இருக்கிறது: =நாட்(எக்ஸாக்ட்($பி2,$சி2)).

கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரே ஆஃபீஸிலும்

கூகுள் ஷீட்ஸில் ஃபார்மேட் மெனு, கண்டிஷனல் ஃபார்மேட்டிங், நிபந்தனைப் பட்டியலின் கடைசியில் கஸ்டம் ஃபார்முலா இஸ். ஃபார்முலாக்கள் அப்படியே வேலை செய்யும், டாலரும் அதே பொருள்தான். வித்தியாசம் ஒன்று: 2பி வேறு ஷீட்டில் இருந்தால் நேரடியாக அதைக் காட்ட முடியாது, இன்டைரக்ட் வழியாகப் போக வேண்டும். எக்செலில் 2010 பதிப்பு முதல் அதே கோப்பின் வேறு ஷீட்டைக் காட்டலாம், வேறு கோப்பைக் காட்ட முடியாது. இதனால்தான் இரண்டு பட்டியலையும் ஒரே ஷீட்டில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் ஃபார்மேட், கண்டிஷனல், கண்டிஷன் என்று போய், ஃபார்முலா இஸ் தேர்ந்தெடுங்கள். அங்கே நிறத்தை நேரடியாகக் கொடுக்காமல் ஒரு ஸ்டைல் உருவாக்கிக் கொடுக்க வேண்டும்.

பட்டியல் பல்லாயிரம் வரிசை ஆகிவிட்டால் திரை நகரும்போதெல்லாம் எக்செல் திணறும். அப்போது கவுன்ட்இஃப் ஃபார்முலாவை எல் நெடுவரிசையில் சாதாரணமாகப் போட்டு, நிற விதியில் =$எல்2=0 என்று மட்டும் எழுதுங்கள். கனமான கணக்கு ஒருமுறைதான் நடக்கும்.

அடுத்த மாதம்

இதே ஷீட்டை அடுத்த மாதமும் பயன்படுத்தலாம். ஆனால் புதிய பில்களை எப்போதும் மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். சாதாரணமாக ஒட்டினால், கூடவே வரும் வடிவமைப்பு நம் விதிகளைத் துண்டுதுண்டாக்கிவிடும். மேனேஜ் ரூல்ஸைத் திறந்தால் ஒரே விதி இருபது துண்டாக, நடுவில் ஓட்டையோடு நிற்கும். அப்படி ஆகியிருந்தால் ஒட்டுப்போட முயலாதீர்கள், எல்லா விதியையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது சீக்கிரம் முடியும்.

14-ஆம் தேதி இறக்கிய 2பியோடு வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபரில் வந்த ஐஎம்எஸ்ஸில் (சப்ளையர் ஏற்றிய பில்லை ஏற்கவோ நிராகரிக்கவோ தளத்தில் உள்ள வசதி) அதற்குப் பிறகு நீங்கள் ஏதாவது பில்லை ஏற்றுக்கொண்டோ நிராகரித்தோ இருந்தால், 2பியை மறுபடி கணக்கிடச் செய்து, புதிதாக இறக்கி எஃப் முதல் ஐ வரை ஒட்ட வேண்டும். ஒட்டியதும் ஜே, கே சாவிகளைப் பட்டியலின் கடைசி வரிசை வரை இழுத்துவிட்டு, மேனேஜ் ரூல்ஸில் அப்ளைஸ் டு என்ற இடத்தில் உள்ள கடைசி வரிசை எண்ணை, பட்டியலின் கடைசி வரிசை எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.